லா கிராந்த் பூஃப் (1973): இந்தப் படத்த பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படத்த பத்தி யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் அதே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. முழு கதையும், முடிவும் சேர்த்து, கீழ இருக்கு. பார்க்காதவங்க முதல் ரெண்டு கேள்வியோட நிறுத்திட்டு படத்த பார்த்துட்டு வாங்க.

ரெண்டு வரியில சொல்லுங்க, என்ன படம் இது?

நடு வயசுல இருக்கிற நாலு பணக்கார நண்பர்கள் பாரிஸ்ல ஒரு பழைய வீட்டுல கூடி, சாப்பிட்டு சாப்பிட்டே செத்துப் போறதுன்னு முடிவு பண்ணி, அதை செஞ்சும் முடிக்கிறாங்க. இத்தாலிக்காரர் மார்கோ ஃபெர்ரேரி 1973ல எடுத்த பிரெஞ்சு-இத்தாலி படம், ரெண்டு மணி நேரத்துக்கும் மேல ஓடும். பூஃப்னா பிரெஞ்சு பேச்சு வழக்குல சாப்பாடு, தீனி, அப்படித்தான் அர்த்தம். அதனால தமிழ்ல பேர் வைக்கணும்னா நான் பெருந்தீனின்னுதான் வைப்பேன்.

வீட்டுல எல்லாரோடயும் உட்கார்ந்து பார்க்கலாமா?

வேணாம். நிர்வாணம் இருக்கு, படுக்கைக் காட்சி இருக்கு, கழிவறை வெடிச்சு வீடெல்லாம் நாறுற காட்சி இருக்கு. பெரியவங்க தனியா பார்க்க வேண்டிய படம். சாப்பிட்டுக்கிட்டே பார்க்கலாமான்னும் நிறைய பேர் கேக்குறாங்க, அதுவும் வேணாம். நான் முதல் தடவை ராத்திரி தட்டுல ரெண்டு தோசையோடதான் உட்கார்ந்தேன், ஒண்ணு முடிஞ்சுது, ரெண்டாவது காலையில வரைக்கும் அப்படியே காஞ்சு கிடந்துச்சு.

கதைய கொஞ்சம் வரிசையா சொல்லுங்க, யாரு எப்படி சாகறாங்கன்னு குழப்பமா இருக்கு.

மார்செல்லோ விமான பைலட், மிஷேல் டிவி தயாரிப்பாளர், ஃபிலிப் நீதிபதி, ஊகோ ரெஸ்டாரன்ட் நடத்துற சமையல்காரர். முதல்ல ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இடத்துலேர்ந்து கிளம்புறத காட்டுறாங்க, ஊகோ தன்னோட கத்தி செட்ட பத்திரமா எடுத்துக்கிட்டு வர்றார், மிஷேல் வயசுக்கு வந்த மகள்கிட்ட வீட்டு சாவிய குடுத்துட்டு வர்றார். ஃபிலிப்போட குடும்ப வீட்டுல கூடுறாங்க. லாரியில இறைச்சி வந்து இறங்குது, காட்டுப்பன்னி, மான், ஆடு, கோழி வகையறா, ஏதோ கல்யாண மண்டபத்துக்கு சரக்கு இறங்குற மாதிரி. மிஷேல் ஒரு மாட்டுத் தலைய கையில தூக்கி வச்சுக்கிட்டு ஹாம்லெட் வசனம் பேசறார். அப்புறம் ஆரம்பிக்கிறாங்க, நிறுத்தவே மாட்டேங்கறாங்க.

மார்செல்லோவுக்கு பொண்ணுங்க இல்லாம முடியாது, அதனால மூணு விலைமாதர்கள வரவழைக்கிறாங்க. பக்கத்து பள்ளிக்கூடத்துலேர்ந்து தோட்டத்து மரத்த பார்க்க பசங்களக் கூட்டிட்டு வர்ற ஆந்த்ரெயாங்கற டீச்சரையும் ராத்திரி சாப்பாட்டுக்கு கூப்பிடறாங்க. அந்த மூணு பேரும் கொஞ்ச நேரத்துலயே வயிறு கெட்டு, மனசு கெட்டு, கிளம்பிப் போயிடறாங்க. டீச்சர் மட்டும் போகல.

முதல்ல போறது மார்செல்லோ. உடம்பு ஒத்துழைக்காம போன கோவத்துல, போதும்டா நான் போறேன்னு ராத்திரி பனி கொட்டும்போது தானே ரிப்பேர் பண்ணின பழைய புகாட்டி கார்ல ஏறுறார், காலையில பார்த்தா கார்லயே விறைச்சுப் போயிருக்கார். அடுத்தது மிஷேல், வயிறு உப்பிப் போய் வலியோட பியானோ வாசிச்சு, வெளிய மாடத்துக்கு வந்து அங்கேயே சரிஞ்சு விழறார். அடுத்து ஊகோ, தான் செஞ்ச பண்டத்த சாப்பிட்டே. கடைசியா ஃபிலிப், அவருக்கு சர்க்கரை நோய், ஆந்த்ரெயா செஞ்சு குடுத்த மார்பு வடிவ புட்டிங்க சாப்பிட்டு, தோட்டத்து மரத்தடி பெஞ்சுல அவங்க மடியிலயே.

அதெல்லாம் சரி, ஏன் சாகணும்? காரணமே சொல்லலையே?

எல்லாரும் கேக்குற கேள்வி இதுதான். இதுக்கு பதில் தேடித்தான் நானும் இந்தப் படத்த மூணு தடவை பார்த்தேன்.

காரணம் சொல்லல, வேணும்னேதான் சொல்லல. கடன் இல்ல, தீராத வியாதின்னு அழற காட்சி இல்ல, காதல் தோல்வி இல்ல, யாரும் கடிதம் எழுதி வைக்கல. நாம படம் பார்க்கும்போது பழக்க தோஷத்துல ஒரு ஃப்ளாஷ்பேக் வரும்னு காத்துக்கிட்டே இருப்போம், வராது. நாலு பேருக்கும் நல்ல வேலை, நல்ல பேரு, கையில காசு. இனிமே ஆசைப்பட எதுவும் மிச்சம் இல்ல, அதுதான் அவங்க நிலைமை, ஆனா அதையும் வாய்விட்டு யாரும் சொல்றதில்ல. ஃபெர்ரேரி ஒரு காரணத்த குடுத்திருந்தா நாம அந்த காரணத்து மேல பழியப் போட்டுட்டு நிம்மதியா எழுந்து போயிருப்போம்.

படம் வந்த நேரத்தையும் பாருங்க. இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு முப்பது வருஷம் கிட்ட பிரான்ஸ்ல வருமானமும் வசதியும் ஏறிக்கிட்டே இருந்த காலம், வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜும் காரும் வந்து சேர்ந்த காலம். படம் 1973 மே மாசம் வருது, அதே வருஷம் அக்டோபர்ல எண்ணெய் நெருக்கடி வந்து அந்த வளர்ச்சி நின்னு போகுது. ஃபெர்ரேரிக்கு அது முன்னாடியே தெரிஞ்சிருக்க வழியில்ல, ஆனா விருந்து முடியப் போகுதுங்கற வாசனை படம் முழுக்க அடிக்குது.

அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு, இதானே மெசேஜ்?

இல்லன்னுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பழமொழி அளவு தெரியாம போறவனுக்கு சொன்னது. இந்த நாலு பேருக்கும் அளவு எதுன்னு நல்லாவே தெரியும், எங்க நஞ்சாகும்னு தெரிஞ்சுதான் அந்த இடத்துக்கு போறாங்க. பேராசைக்கு தண்டனைன்னு எடுத்துக்கிட்டா படம் ரொம்ப சின்னதா ஆயிடும், ஏன்னா இவங்க யாரும் பேராசைக்காரங்களா நடந்துக்கறதே இல்ல, தட்டுக்கு சண்டை போடல, ஒளிச்சு வச்சு தின்னல, ஒருத்தருக்கொருத்தர் பரிமாறிக்கிட்டே இருக்காங்க.

எனக்கு இந்தப் படம் பார்க்கும்போது புறநானூறுதான் ஞாபகம் வந்துச்சு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விடறப்ப, அதுவரைக்கும் நேர்ல பார்த்தே இராத பிசிராந்தையார் வந்து அவன் பக்கத்துலயே உட்காருவாரு இல்லையா, அது உண்ணாம சாகறது, இது உண்டு சாகறது, ஆனா நண்பன் சாகும்போது பக்கத்துல உட்கார்ந்து கூடவே போறதுங்கற விஷயம் ஒண்ணுதான். பெரிய வித்தியாசம் என்னன்னா சோழனுக்கு மானம்னு ஒரு காரணம் இருந்துச்சு.

இது காமெடி படம்னு போட்டிருக்கு, எனக்கு சிரிப்பே வரலையே?

முதல் ஒரு மணி நேரம் எனக்கு நல்லாவே சிரிப்பு வந்துச்சு. மார்செல்லோவும் ஊகோவும் யார் சீக்கிரம் சிப்பி சாப்பிடறதுன்னு போட்டி போடறாங்க, பக்கத்துல பழங்காலத்து கவர்ச்சி ஃபோட்டோக்கள் ஸ்லைடா ஓடுது, ரெண்டு பேரும் ஸ்கூல் பசங்க மாதிரி. ஊகோ காட்ஃபாதர் மார்லன் பிராண்டோ மாதிரி பேசிக் காட்டுறார். மிஷேல் பாலே ஆடறவங்க மாதிரி காலத் தூக்கி வச்சு உடற்பயிற்சி பண்றார், அவ்வளவு சுத்தமான மனுஷன், அவருக்குத்தான் கடைசியில வாயுத் தொல்லை வந்து நாலு பேர் முன்னாடி அடக்க முடியாம போகுது. அங்கதான் சிரிப்பு பாதியில தொண்டையில நிக்குது. ஒரே சத்தம்தான், முதல் தடவை கேக்கும்போது சிரிச்சோம், பத்தாவது தடவை அது ஒரு மனுஷன் சாகற சத்தம்னு புரியுது.

சிரிப்பு எந்த இடத்துல நின்னுச்சுன்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. உங்களுக்கு ஆரம்பத்துலயே நின்னு போச்சுன்னா நீங்க படத்த தப்பா பார்க்கல.

அந்த பம்பாய் வசனம் என்ன? கேட்டு அதிர்ச்சி ஆயிட்டேன்.

மிஷேலால இனிமே ஒரு வாய் கூட உள்ள இறக்க முடியல, அப்ப ஊகோ அவர்கிட்ட, நீ பம்பாயில பசியோட இருக்கிற ஒரு சின்னப் பையன்னு நினைச்சுக்கோ, சாப்பிடு, அப்படின்னு செல்லமா கொஞ்சி ஊட்டுறார். நம்ம ஊர் பத்தி படத்துல வர்ற ஒரே இடம் அதுதான். 1972, 73ல மகாராஷ்டிராவுல கடுமையான வறட்சி, கிராமம் கிராமமா ஜனங்க சாப்பாட்டுக்கு வேலை தேடி அரசாங்க ரோட்டு வேலைக்கு கல்லு உடைக்க போன வருஷங்கள் அது. அந்த நேரத்துல பாரிஸ்ல ஒருத்தன் பசியே இல்லாம இருக்கான், பசிய கற்பனை பண்ணிக்கோன்னு இன்னொருத்தன் சொல்றான். ஃபெர்ரேரி அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல, பிரசங்கம் பண்ணல. ஒரு இந்தியனா எனக்கு அந்த இடத்துல கோவம் வரல, ரொம்ப நேரம் ஒரு கனம் மட்டும் இருந்துச்சு.

வீட்டுல அம்மாங்க எல்லாம் சொல்றது, சாப்பிடலைன்னா செத்துப் போயிடுவடா. இங்க நண்பன் சொல்றது, சாப்பிடலைன்னா உன்னால சாக முடியாது. அதே பாசம், அதே குரல். படத்தோட உசிரே எனக்கு அந்த இடம்தான்.

ஊகோ சாகற சீன் ஏன் அவ்வளவு பேசப்படுது?

வாத்து, பெருவாத்து, கோழின்னு மூணு வகை ஈரல வச்சு, ரோம்ல இருக்கிற செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்து கோபுரம் மாதிரி ஒரு பெரிய பேட்டே செய்யறார் ஊகோ. பேட்டேன்னா ஈரல அரைச்சு மசாலா சேர்த்து வார்த்து எடுக்கிற பண்டம். மேல முட்டைய வெட்டி அலங்காரம் வேற. வாழ்க்கையில செஞ்ச சமையல்லயே பெருமைப்பட வேண்டிய சமையல். கொண்டு வந்து வைக்கிறார், ஃபிலிப்பும் ஆந்த்ரெயாவும் வேணாம்னு ஒதுங்கிடறாங்க. சமையல் பண்றவங்களுக்கு தெரியும் அந்த வலி, மணிக்கணக்கா நின்னு செஞ்சத யாரும் தொடலைன்னா மனசு எப்படி இருக்கும்னு. சரி நானே சாப்பிடறேன்னு உட்கார்றார்.

அப்புறம் கையத் தூக்கவே முடியாம போய் சமையல் மேஜை மேலயே படுத்துடறார், ஃபிலிப் அழுதுக்கிட்டே நண்பனுக்கு ஊட்டி விடறார், ஆந்த்ரெயா அவர் உடம்புக்கு கடைசி சுகத்த குடுக்கறாங்க. பக்கத்துல குளிர் அறை, அதுல கண்ணாடி, அதுக்குப் பின்னாடி ஏற்கனவே செத்துப்போன மார்செல்லோவும் மிஷேலும் உட்கார வச்சபடி இந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்காங்க. எழுதிப் பார்த்தா அசிங்கமா தெரியும், எனக்கும் தெரியுது. ஆனா திரையில அது சாகக் கிடக்கிறவருக்கு வாயில பால் ஊத்துற நேரம் மாதிரிதான் இருக்கு, அவ்வளவு மெதுவா, அவ்வளவு பொறுமையா. முடிஞ்சதும் அவர மட்டும் குளிர் அறைக்கு தூக்கிட்டுப் போகாம அந்த மேஜை மேலயே விட்டுடறாங்க, சமையலறைதான் அவரோட இடம்னு.

நிஜ சாப்பாடா, செட்டிங்கா?

நிஜம். பாரிஸ்ல மத்லேன் சதுக்கத்துல அப்ப இருந்த ஃபோஷோன்ங்கற பெரிய உணவுக் கடைதான் படத்துக்கு சாப்பாடு சப்ளை. ஊகோவா நடிச்ச ஊகோ டொன்யாட்ஸி நிஜத்துலயும் சமையல் பைத்தியம், சமையல் புத்தகமே எழுதியிருக்கார், அதனால அவர் கத்தி பிடிக்கிற விதத்துல, மாவு தொடற விதத்துல நடிப்புன்னு ஒண்ணு தெரியவே தெரியாது. சாப்பாடு பார்க்க ஆபாசமா இல்ல, அழகா இருக்கு, அதான் பிரச்சனையே. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அதே மாதிரி அழகா ஒரு தட்டு வரும்போது நம்ம வயிறே வேணாம்னு சொல்லுது.

நடிகர் பேரும் கேரக்டர் பேரும் ஒண்ணா?

ஆமா. மார்செல்லோ மாஸ்ட்ரோயானி, மிஷேல் பிக்கோலி, ஃபிலிப் நுவாரே, ஊகோ டொன்யாட்ஸி, ஆந்த்ரெயா ஃபெரியோல், அஞ்சு பேருக்கும் சொந்தப் பேரேதான். அன்னிக்கு இத்தாலியிலயும் பிரான்ஸ்லயும் அந்த நாலு ஆம்பளைங்களும் முதல் வரிசை நட்சத்திரங்க, மாஸ்ட்ரோயானிய ஐரோப்பாவே காதல் மன்னனா பார்த்துக்கிட்டு இருந்த நேரம், அவர அவர் பேர்லயே ஆண்மை இல்லாம போய் கத்துறவரா காட்டினா பார்க்கிறவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

அந்த டீச்சர் யாரு? எமனா, தேவதையா?

ரெண்டும் இல்லைன்னு சொல்லத்தான் ஆசை. நிறைய பேர் அவங்கள மரண தேவதைன்னு எழுதறாங்க, படம் அந்த வாசிப்புக்கு இடம் குடுக்குது, நான் மறுக்கல. ஆனா நான் பார்த்தது வேற. உள்ள வந்த முதல் ராத்திரியே இங்க என்ன நடக்கப் போகுதுன்னு அவங்களுக்கு புரிஞ்சிடுது, ஏன்னு கேக்கல, வேணாம்னு தடுக்கல, சாகக் கிடக்கிறவங்க வீட்டுக்கு வந்து கடைசி வரைக்கும் கூட இருந்து பார்த்துக்கிற சொந்தக்காரங்க மாதிரி தங்கிடறாங்க. அந்த நாலு பேருக்கும் சமமா சாப்பிடறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஃபிலிப் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கறார், சரின்னு சொல்லிட்டு மத்தவங்ககிட்டயும் போறாங்க, ஃபிலிப்பும் அதை ஏத்துக்கறார்.

எனக்கு இதுல ஒரு உறுத்தலும் இருக்கு. நாலு ஆம்பளைங்க கிளம்பி வர்ற வீட்ட காட்டின இயக்குநர் இந்தப் பொண்ணோட வீட்ட காட்டவே இல்ல. அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுக்க ஃபெரியோலோட முகம் மட்டும்தான் இருக்கு. அந்த முகம் போதும்னு சொல்லலாம், அவ்வளவு நல்ல நடிப்பு, இந்த வேஷத்துக்காக நிஜமாவே எடை கூட்டினாங்க. இருந்தாலும் பெண்கள படம் இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்த்திருக்கணும், இதுல நான் சமாதானம் ஆகல. கிளம்பிப் போற அந்த மூணு பேர கூட படம் வேகமா மறந்துடுது, வாந்தி எடுத்துட்டு, இது சரியில்லன்னு சொல்லிட்டு வெளிய நடந்து போறவங்க அவங்க மட்டும்தான்.

கேன்ஸ்ல என்ன ரகளை?

1973 கேன்ஸ் திரைப்பட விழாவுல பிரான்ஸ் சார்பா போட்டியில இருந்துச்சு. அரங்குல கூச்சல், விசில், வெளிய வந்தவங்க திட்டினாங்க. அந்த வருஷ ஜூரி தலைவர் நடிகை இங்கிரிட் பெர்க்மன், அவங்களுக்கு படம் அறவே பிடிக்கல. ஆனா சர்வதேச விமர்சகர்கள் கூட்டமைப்பு பரிசு இதுக்கு கிடைச்சுது, பிரெஞ்சு இயக்குநர் ழான் யூஸ்டாஷ் படத்தோட பகிர்ந்து. திட்டத் திட்ட கூட்டம் கூடிச்சு, பிரான்ஸ்ல மட்டும் 28 லட்சம் பேர் கிட்ட தியேட்டருக்கு போய் பார்த்திருக்காங்க. பிரிட்டன்ல ஒழுக்கப் பாதுகாப்புக்குன்னு போராடின மேரி வைட்ஹவுஸ் கேஸ் போட்டாங்க, நிக்கல.

அந்த வீட்டுக் காட்சிங்கள எங்க எடுத்தாங்க?

பாரிஸ் 16வது வட்டாரம், புவாலோ தெரு. 17ம் நூற்றாண்டு கவிஞர் புவாலோ பேர்ல இருக்கிற தெரு, படத்துல பசங்க பார்க்க வர்ற மரமும் அவர் பேர சொல்ற மரம்தான்.

அந்த ட்யூன் மண்டையிலேர்ந்து போகவே மாட்டேங்குது, யாரு இசை?

ஃபிலிப் சார்த். ஒரே ஒரு சின்ன மெட்டு, சோம்பேறித்தனமா ஆடுற மாதிரி, மிஷேல் பியானோவுல வாசிக்கிறதும் அதுதான். சந்தோஷமா இருக்கும்போதும் அதே, சாகும்போதும் அதே.

கடைசியில நாய்ங்க எதுக்கு? ஒண்ணுமே புரியல.

படம் முழுக்க தோட்டத்துல நாய்ங்க ஒண்ணு ஒண்ணா வந்து சேர்ந்துக்கிட்டே இருக்கும், கவனிச்சீங்களா? ஃபிலிப் செத்த அதே நேரத்துல அடுத்த லோடு இறைச்சி வருது, சாப்பிட ஆள் இல்ல. தோட்டத்துலயே வச்சுட்டு போங்கன்னு ஆந்த்ரெயா சொல்லிட்டு வீட்டுக்குள்ள போயிடறாங்க. பச்சைத் தோட்டத்துல அவ்வளவு இறைச்சி, சுத்தி நாய்ங்க. குறியீடு அது இதுன்னு பெருசா விளக்கம் எழுதறாங்க. எனக்கு தெரிஞ்சது ஒண்ணுதான், படத்துல நிஜமான பசியோட இருக்கிற உயிருங்க அந்த நாய்ங்க மட்டும்தான், சாப்பாடு கடைசியா பசிச்சவங்க இருக்கிற இடத்துக்கு வந்திருக்கு.

இயக்குநர் எப்படிப்பட்டவர்? கெட்ட புத்திக்காரரா?

ஃபெர்ரேரி 1928ல மிலான்ல பிறந்தவர், 1997ல பாரிஸ்ல இறந்துட்டார். கால்நடை மருத்துவம் படிச்சவர், எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது, மனுஷன உடம்பா, வயிறா, குடலா முகம் சுளிக்காம பார்க்கிற கண்ணு அவருக்கு அங்கேர்ந்தே வந்திருக்கணும். சினிமாவ ஆரம்பிச்சது ஸ்பெயின்ல, சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில, ரஃபாயெல் அஸ்கோனாங்கற எழுத்தாளரோட சேர்ந்து. அந்த அஸ்கோனாதான் இந்தப் படத்துக்கும் கூட எழுதினவர். சாவ சிரிச்சுக்கிட்டே பேசறது ஸ்பானிஷ் மரபுல ரொம்ப நாளா இருக்கு, படத்தோட சிரிப்பு அந்த ஊர் சிரிப்பு. கெட்ட புத்தி எல்லாம் இல்ல, இந்த நாலு பேர்ல ஒருத்தரக் கூட அவர் கேலிப் பொருளா விடல.

பிடிச்சிருக்கு, அடுத்து என்ன பார்க்கலாம்?

பின்னாடி போறதுன்னா 1960ல ஸ்பெயின்ல எடுத்த எல் கோச்செசீத்தோ, மோட்டார் வச்ச சக்கர நாற்காலி வேணும்னு அடம் பிடிக்கிற ஒரு தாத்தாவோட கதை, சின்ன படம், ரொம்ப கூர்மையானது. பிக்கோலிய மட்டும் தனியா பார்க்கணும்னா 1969ல வந்த தில்லிஞ்சர் செத்துட்டான்ங்கற படம், அதுலயும் ஒரு மனுஷன் ராத்திரி முழுக்க வீட்டுல சமைச்சுக்கிட்டு இருப்பான்.

ஆனா என்ன கேட்டா இதுக்கு அடுத்த வருஷம், 1974ல, இதே நாலு நடிகர்கள வச்சு எடுத்த வெள்ளைக்காரிய தொடாதேங்கற படத்த பாருங்க. அமெரிக்க ஜெனரல் கஸ்டர் செவ்விந்தியர்கள்கிட்ட தோத்த போரை நடு பாரிஸ்ல நடத்துறார் ஃபெர்ரேரி, லே ஆல் மார்க்கெட்ட இடிச்ச இடத்துல தோண்டியிருந்த ராட்சசப் பள்ளத்துல. பல நூற்றாண்டா பாரிஸுக்கே காய்கறி, இறைச்சி, மீன் எல்லாம் வந்து இறங்கின சந்தை அது, 1969ல மொத்த வியாபாரத்த ஊருக்கு வெளிய ருங்ஜிஸுக்கு மாத்திட்டாங்க, இடிச்ச இடம் வெறும் குழியா கிடந்துச்சு. போன படத்துல தின்னு செத்த நாலு பேரும் அந்தக் குழிக்குள்ள இறங்கி நிக்கிறத பார்க்கும்போது ரெண்டு படமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.